துரை விட்டுப்போன மோட்டார் சைக்கிள்

ஐந்தாம் அத்தியாயம்

துப்பறியும் தளவாய் அண்ணாச்சியிடம் உதவியாளாகச் சேர்ந்தபோது கொலை, கொள்ளை, ஆள்மாறாட்டம் என்று ஏதாவது கிடைக்கும் என்று நம்பி வந்தவன் நான். தென்காசியில் கொலை செய்கிறவன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு தானே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறான். கொள்ளையடிக்கிற அளவுக்கு எவன் வீட்டிலும் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு வந்து சேர்வதெல்லாம் காணாமல் போன எருமையும் ஓடிப்போன மருமகனும்தான். முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் வந்தது அதைவிடக் கேவலம். ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

முப்பிடாதியம்மாள் என்று பெயர். இலஞ்சியில் பிறந்து தென்காசி செல்லப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த வயல் ஒன்று இலஞ்சிக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. அவள் பெயரில் இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

“அதை வித்துத்தான் வண்டி வாங்கணுங்காவ, அண்ணாச்சி. இன்னைக்கு மத்தியானம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காவ. நான் கைநாட்டு வச்சிட்டா வயலு போயிரும்,” என்றாள். “ரொம்ப மலிவா வருதாம்.”

“மலிவுதான்,” என்றேன். “ஒரு வயலுக்கு ஒரு வண்டி. இன்னொரு வயல் இருந்தா பெட்ரோல் ஊத்திக்கிடலாம்.”

“வாயை மூடுலே குத்தாலம்,” என்றார் அண்ணாச்சி. என் பெயர் குற்றாலிங்கம். அதை முழுதாகச் சொல்லும் மரியாதையை எனக்கு எவரும் தந்ததில்லை. “ஒங்க வீட்டுக்காரரு வண்டியை வச்சி என்ன செய்யப் போறாராம்?”

“புளியங்குடியில எலுமிச்சங்கா ஏவாரம் பண்ணப் போறாவளாம். வண்டியில போனா மத்தவனுக்கு முன்னால சந்தை வெலை தெரிஞ்சிருமாம்.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “அந்த வயலு நெல்லுதான் எங்க வீட்டுல வருஷம் பூரா பொங்குத சோறு. இருந்தாலும் அவிய ஆசைப்படுதாவ. வண்டி நல்ல வண்டியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நல்லதுன்னா நான் கைநாட்டு வச்சிருதேன்.”

அண்ணாச்சி மூக்குப்பொடி மட்டையைத் தட்டி ஒரு சிட்டிகை எடுத்தார். முன்னே போலீசில் இருந்தவர். எந்த யந்திரத்தையும் நம்பாதவர். கைக்கடிகாரம்கூடக் கட்ட மாட்டார். அவரிடம் வந்து மோட்டார் சைக்கிளுக்கு யோசனை கேட்பது அந்த அம்மாளின் தலையெழுத்து. ஆனால் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ரயில்வே ஸ்டேஷன் தெருவில் சரக்குப் போட்டு வைக்கிற ஒரு கிட்டங்கிக்குள் வண்டி நின்றது. நிற்கவில்லை, சாய்ந்திருந்தது. விளக்கு செங்கோட்டையைப் பார்த்தது, முன் சக்கரம் திருநெல்வேலியைப் பார்த்தது. புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அடித்தவனின் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த மயிர் நாலைந்து பெட்ரோல் டாங்கியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதற்கு வயலை விற்க வேண்டுமென்றால் அந்த வயலில் கோரைப்புல்கூட முளைத்திருக்கக் கூடாது.

வண்டிக்குப் பக்கத்தில் விற்கிறவனும் வாங்குகிறவனும் நின்றார்கள். விற்கிறவன் பால்வண்ணநாதன். மலைமேல் எஸ்டேட்டில் குமாஸ்தாவாம். தலையில் துரைமார் போடுகிற ஒரு பழைய சோலார் தொப்பி வைத்திருந்தான். அது அவன் காது வரைக்கும் இறங்கியிருந்தது. வாங்குகிறவர் செல்லப்பா. சாரலில் ஊரே பிசுபிசுவென்று இருக்கிற மாதத்தில் முழுக்கை அல்பாகா கோட்டு போட்டு, மணிக்கட்டு வரை பொத்தானையும் மாட்டியிருந்தார். மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே துரைக்களை வந்துவிட்டது மனுஷனுக்கு.

“ஒரே ஓனர் சார்,” என்றான் பால்வண்ணநாதன். “வில்சன் துரை. சீமையிலேருந்து கப்பல்ல வந்த வண்டி. அவர் ஊருக்குப் போயி ஒரு வருஷமாச்சு. அதுலேருந்து எஸ்டேட் ஷெட்டுல பூட்டித்தான் கெடந்திச்சி. நேத்துத்தான் கீழ எறக்கினேன்.”

“துரை யாரையும் பின்னால ஏத்திக்கிட்டுப் போவாரோ?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“கல்யாணம் ஆவாத மனுஷன் சார். பின் சீட்டுல ஒரு ஈ எறும்பு ஒக்காந்தது கெடையாது.”

அண்ணாச்சி பின் சீட்டின் தோலை ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து, விளக்குக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரும்புத் தண்டில் ஒரு மஞ்சள் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அதன்மேல் கொஞ்சம் கிரீசைத் தடவி வைத்திருந்தார்கள்.

“இது என்ன நூலு?”

“அதுவா சார், ஒயர் ஆடுதுன்னு துரை கட்டி வச்சது,” என்றான் பால்வண்ணநாதன். செல்லப்பாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

“எங்கே, ஒரு தடவை கிளப்பிக் காட்டும்.”

பால்வண்ணநாதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மிதித்தான். வண்டி கம்மென்று இருந்தது. மறுபடியும் மிதித்தான். மிதிகட்டை திரும்பி வந்து அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டது. அவன் ஒற்றைக்காலில் கிட்டங்கியைச் சுற்றி வந்தான்.

“வண்டி ஓடலன்னா என்ன, குமாஸ்தா நல்லா ஓடுதாரு,” என்றேன்.

ஒருவழியாக அது கிளம்பி, கிட்டங்கி நிறையப் புகையைக் கக்கி, செத்துப்போனது. செல்லப்பா அசையாமல் நின்றார். அவர் கை வண்டியைத் தொடவில்லை. அண்ணாச்சி அவரைக் கேட்டார்: “நீங்க ஏறி ஓட்டிப் பாக்கலியா?”

“பாக்க என்ன இருக்கு? துரை வண்டில்லா,” என்றார் செல்லப்பா. கும்பிட்டு விடைகொடுக்கக் கையைத் தூக்கியவர், கோட்டுக்கை மேலே ஏறாமல் மறு கையால் பிடித்துக்கொண்டார்.

“சரி. மத்தியானம் வண்டியை ரிஜிஸ்தர் ஆபீசுக்கே கொண்டாந்திருங்க. கைநாட்டு வைக்கப் போற அம்மா கண்ணால ஒரு தடவை பாக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வெளியே வந்தார்.

தெருமுனை வந்ததும் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “மோந்து பாருலே.”

“நல்லெண்ணெய்.”

“தோலு ஊறிப்போயிக் கெடக்கு. கல்யாணம் ஆவாத துரை நல்லெண்ணெயைப் பின் சீட்டுல ஒக்கார வச்சி ஊரைச் சுத்தினாரோ?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீசனுக்கு மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்து இறங்குகிற பெருச்சாளிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குற்றாலத்தில் அறை எடுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டில் வந்து நிற்பார்கள். பேரருவியில் கூட்டம் என்றால் ஐந்தருவிக்குப் போக வேண்டும். எண்ணெய்க் கோலத்தில் இருக்கிறவனை எந்த ஜட்காக்காரனும் ஏற்ற மாட்டான், மெத்தை பாழாகிவிடும். கோர்ட்டில் ஜட்ஜாக இருக்கிறவன்கூட அங்கே ஜட்காக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பான். அவர்களை ஏற்றிப் போக ஒருவன் துணிந்தால் நல்ல வரும்படிதான்.

“அப்போ இந்த வண்டி சீசன்ல வாடகைக்கு ஓடியிருக்கு,” என்றேன்.

“ஓடிச்சா, நொண்டிச்சான்னு போயிக் கேப்போம்.”

ஜட்கா பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. குளித்து முடித்தவர்கள் பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டு வந்து சேர்கிற இடத்தில் தங்கத்தாய் என்பவள் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்தாள். ஐந்தருவிக்கு வருகிற எல்லாரையும் ஈர வேட்டியோடு பார்த்தவள், அதனால் எவரையும் மதிக்காதவள். அண்ணாச்சி இரண்டு குவளை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பேச்சை எடுத்தார்.

“அந்தச் சனியனா? போன சீசன்லேருந்து இங்கனதான ஓடிச்சி,” என்றாள். “பால்வண்ணம் ஓட்டுவான். இந்த வருஷம் மதுரைக்காரரு ஒருத்தரை எண்ணெயும் ஆளுமா ஓடைக்குள்ள தள்ளிட்டான். அவரைப் புடிச்சித் தூக்க நாலு பேரு எறங்கினாவ. புடிக்கப் புடிக்க வழுக்குதாரு. அதுக்குப் பொறவு எவன் ஏறுவான்?”

“பச்சை வண்டிதானே, ஆச்சி?” என்றேன்.

“கறுப்பால்லா இருந்திச்சி. என்னைய ஆச்சிங்காதலே, ஒன் வயசு மகன் எனக்கு இல்லை.”

“கடைசியா எப்ப பாத்தீய?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“போன வாரம். வெள்ளிக்கிழமை ஓடலை. மறுநா மஞ்சளும் குங்குமமுமா வந்து நின்னுச்சி. ஆளைத் தள்ளுத வண்டிக்கு அலங்காரம் வேற.”

“வில்சன் துரை சாமி கும்பிட்டிருப்பாரு, அண்ணாச்சி,” என்றேன். அண்ணாச்சி தங்கத்தாய் பக்கம் திரும்பினார்.

“வண்டி பால்வண்ணத்துக்குச் சொந்தமா, தாயி?”

தங்கத்தாய் காப்பியை ஆற்றியபடியே சொன்னாள். “அவன் கட்டுத வேட்டியே சலவைக்கு வந்த ஊரான் வேட்டி. மொதலாளின்னு ஒருத்தரு உண்டும். தென்காசியில பெரிய எடமாம். வெளிய தெரிஞ்சா கவுரவக் கொறச்சலாம். இந்தப் பக்கமே வந்ததில்லை.”

திரும்புகிற ஜட்காவில் நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். எஸ்டேட் பொய், ஷெட் பொய், துரை பொய். வண்டி வாடகைக்கு ஓடித் தேய்ந்த குதிரை. வாங்காதே என்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. இதற்காகவா துப்பறியும் தொழிலுக்கு வந்தேன் என்று எனக்கே என்மேல் இளக்காரமாக இருந்தது.

“முடிஞ்சிட்டா?” என்றார் அண்ணாச்சி. “இந்த வண்டி வேண்டாம்னு சொன்னா நாளைக்கு வேற வண்டி வரும். இல்லன்னா லாரி வரும். வயலு நிக்காதுலே. யாருக்கோ அந்த வயலு காசா வேணும். அவன் யாருன்னு தெரியணும்.”

“அந்த மொதலாளி. பேரு தெரியாத பெரிய எடம்.”

“கத்தரிக்கா வாங்குதவன் என்ன செய்வான்?”

“காம்பைப் பாப்பான். அமுக்கிப் பாப்பான். சொத்தைன்னு சொல்லி வெலையைக் கொறைப்பான்.”

“செல்லப்பா என்ன செஞ்சாரு?”

நான் யோசித்தேன். செல்லப்பா வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்கவில்லை. விலை பேசவில்லை. அது மிதித்தவனையே திருப்பி மிதித்தபோதுகூட அவர் முகம் மாறவில்லை. “பணக்காரத் திமிரு,” என்றேன்.

“பெண்டாட்டி வயலை விக்கிதவனுக்குப் பணக்காரத் திமிரா? நல்லாச் சொன்ன போ,” என்றார் அண்ணாச்சி.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் பத்திரம் தயாராக இருந்தது. எழுதியவர் மைக்கூட்டை மூடாமல் காத்திருந்தார். முப்பிடாதியம்மாள் ஒரு தூணருகே நின்றாள். செல்லப்பா அதே கோட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வாசலில் பால்வண்ணநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஸ்டேஷன் தெருவிலிருந்து தள்ளியே வந்திருக்கிறான். தொப்பியிலிருந்து வியர்வை சொட்டியது.

“என்ன அண்ணாச்சி, வண்டியைப் பாத்தீயளா?” என்று கேட்டாள் முப்பிடாதியம்மாள்.

“பாத்தேம்மா. ஒரு சின்னக் கொறைதான். அதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுதேன்.” அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவரிடமிருந்து பேனாக்கத்தியை வாங்கினார். நேராகப் போய் அதைப் பால்வண்ணநாதன் கையில் கொடுத்தார். “துரை ஒயருக்குக் கட்டின நூலு ஒண்ணு வெளக்குக்கு அடியில இருக்குல்லா. பாக்க அசிங்கமா இருக்கு. அதை அறுத்துப் போடும்.”

பால்வண்ணநாதன் ஒரு கணம் செல்லப்பாவைப் பார்த்தான். பிறகு, போனால் போகிறது என்று குனிந்து கத்தியை நூலில் வைத்தான்.

“ஏலே, அறுக்காதலே!”

ரிஜிஸ்தர் ஆபீசில் இருந்த எல்லாரும் எழுந்து பார்க்கும்படி அலறியவர் செல்லப்பா. பாய்ந்து வந்து பால்வண்ணநாதன் கையை முறுக்கிப் பிடித்தார். கத்தி கீழே விழுந்தது. அவர் பிடியில் கோட்டுக்கைப் பொத்தான் தெறித்து, துணி முழங்கை வரை சுருண்டது. அவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் நூல் இருந்தது. அதே தடிமன், அதே முடிச்சு.

எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். சுடலைமாட சாமிக்குக் கொடைத் திருவிழா என்று நாள் குறித்துப் பந்தக்கால் நாட்டினால், விரதம் இருக்கிறவன் கையில் காப்புக் கட்டுவார்கள். பிழைப்புக்கு உதவுகிற மாட்டுக்கோ செக்குக்கோ ஒன்று வாங்கிக் கட்டுவதும் உண்டு. கொடை முடிந்து பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் அது அப்படியே இருக்க வேண்டும். பொய் சொல்லலாம், புரட்டுப் பண்ணலாம், காப்பை மட்டும் அறுக்கக் கூடாது. அறுத்தால் மாடன் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பி.ஏ. படித்தவனும் நம்புகிறான்.

“இது துரை ஒயருக்குக் கட்டின நூலு இல்லை, நீரு கட்டின சாமி காப்பு,” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “வண்டியில மஞ்சளைத் தொடச்சீரு, குங்குமத்தைத் தொடச்சீரு, கறுப்பைப் பச்சையாக்கினீரு. நூலுல மட்டும் கையை வைக்கப் பயம். கிரீசைத் தடவி மறைச்சிட்டீரு. வில்சன் துரை வண்டிக்குப் போன வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினது யாருய்யா? விக்கிதவரும் நீரு, வாங்குதவரும் நீரு. நடுவுல காசா மாறி ஒம்ம மடிக்கு வரப் போறது இந்த அம்மாவோட வயலு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். குமாஸ்தா மாதிரி நிக்கச் சொன்னாரு, நின்னேன்,” என்றான் பால்வண்ணநாதன். தொப்பியைக் கழற்றி வண்டியின் மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தான். அந்தத் தொப்பிகூட அவனுடையது இல்லை போலிருக்கிறது.

முப்பிடாதியம்மாள் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தாள். வண்டிக்கு முன்னால் குனிந்து நூலைப் பார்த்தாள். தொடவில்லை.

“இது நான் மஞ்சள்ல தோய்ச்ச நூலு,” என்றாள். “செவலைக் காளைக்கு ஒண்ணு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனீய.”

“ஏட்டி, எதுன்னாலும் வீட்டுல போயிப் பேசிக்கிடுவோம். நாலு பேரு பாக்காவ,” என்றார் செல்லப்பா. மனுஷனுக்கு அப்போதும் நாலு பேரைப் பற்றித்தான் கவலை.

“அவன் அறுக்கப் போவையில ஓடி வந்து கையைப் புடிச்சீயல்லா. நல்லது. சாமிகிட்டப் பயம் இருக்கு.” அவள் கழுத்தில் சேலைக்குள் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து வெளியே போட்டாள். “இதுவும் அதே மஞ்சள்தான். நீங்க கட்டினதுதான். இதுகிட்ட ஒங்களுக்கு ஒரு பயமும் இல்லாமப் போச்சு.”

அவள் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்து, “அதைச் சுருட்டி வச்சிருங்க. வயலு விக்கிததுக்கு இல்லை,” என்றாள். அண்ணாச்சியைக் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

இந்த இடத்தில் வேறொருவன் என்றால் பின்னாலேயே ஓடியிருப்பான். செல்லப்பா சுருண்டு கிடந்த கோட்டுக்கையை இறக்கிவிட்டார். தொண்டையைச் செருமினார். அண்ணாச்சி பக்கம் நெருங்கி, தணிந்த குரலில் பேசினார்.

“வண்டியை நீங்க எடுத்துக்கிடுங்களேன். ஒங்க தொழிலுக்கு ஆவும். மலிவாத் தாரேன்.”

நான் எத்தனையோ ஈனப்பயல்களைப் பார்த்திருக்கிறேன். எருமை திருடினவன்கூட மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். அண்ணாச்சி பொடி மட்டையை எடுத்தவர், போடாமல் மடியிலேயே செருகிக்கொண்டார். அந்த ஆள் நிற்கிற இடத்தில் பொடி போடக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

வாசலில் முப்பிடாதியம்மாள் நின்றுவிட்டாள். அவள் காதிலும் அது விழுந்திருக்கிறது. திரும்பினாள்.

“வார வெள்ளிக்கிழமை கொடை முடியுது. பூசாரி ஒங்க காப்பை அவுத்ததும் நேரா இலஞ்சிக்கு வாங்க,” என்றாள். குரல் உயரவே இல்லை. “எங்க அண்ணமாரு முன்னால வச்சி, நீங்க கட்டினதையும் அவுத்துத் தந்துருதேன்.”

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கி இலஞ்சி ரோட்டில் நடந்தாள். வயலில் அன்றைக்கு நடவு. அவள் போய்த்தான் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

செல்லப்பா அவள் போன பக்கம் பார்க்கவில்லை. தெறித்த பொத்தானையும் தேடவில்லை. கோட்டுக்கைக்குள் இரண்டு விரலை விட்டு, மணிக்கட்டில் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.